எண்பத்து மூன்று தோல்விகள்

சானமாவு காட்டோரம் கார் நின்றதும் நான் சீட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டேன். 'யானைகள் கடக்கும் இடம், வாகனங்களை நிறுத்தாதீர்' என்று வனத்துறை நட்டு வைத்திருந்த பலகைக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தியிருந்தான் பிரகாஷ்.

"ஒரு நிமிஷம் மேடம், ஒரு போன் பேசிட்டு வந்துர்றேன்" என்று இறங்கி நடந்தான்.

"அக்கா, போர்டைப் பார்த்தீங்களா? யானை வந்தா நான் உங்க பின்னாடிதான் நிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றேன்.

"யானைக்கெல்லாம் பயப்படாத ஆஞ்சப்பா. அது வர்றது தெரியும்" என்றாள் பொற்கொடி, மடியில் விரித்திருந்த வாரப் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே. ஓசூரில் ஏறியதிலிருந்து அந்தப் பத்திரிகைக்குள்தான் மூழ்கியிருந்தாள். ஆள் காணாமல் போன கேஸில் ராசிபலன் படிக்கிற துப்பறிவாளரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பொற்கொடி அக்கா ஓசூரில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவள். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறாள். பாகலூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். நான் அவளுடைய உதவியாள். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டினேன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், அக்காவிடம் தமிழ். பயம் மட்டும் மூன்று பாஷையிலும் ஒரே அளவுதான் வரும்.

கேஸ் இதுதான். மாதவன் என்கிற சாப்ட்வேர் பையன் திங்கட்கிழமை சாயங்காலம் டீ குடிக்கப் போனவன் வீடு திரும்பவில்லை. இன்று வியாழன். அவன் மனைவி சௌமியா எங்கள் ஆபீஸ் படியில் உட்கார்ந்து, "உசுரோட மட்டும் கொண்டு வந்துருங்கக்கா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று அழுதாள்.

மாதவனும் பிரகாஷும் தொழிலில் கூட்டாளிகள், இரண்டு பேரும் மதுரைப் பக்கத்துக்காரர்கள். ரோஜா விவசாயிகளிடம் பெங்களூர் வியாபாரிகள் போனிலேயே பணம் கட்டிப் பூ வாங்க ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். பிப்ரவரி சீசன். நாளைக் காலை ஆறு மணிக்குப் பணம் கட்டுகிற பகுதியைத் திறக்கவேண்டும். வருடம் முழுக்க உழைத்த முந்நூறு குடும்பத்துக் காசு அந்த வழியாகத்தான் வரப்போகிறது.

மாதவன் எழுதி வைத்திருந்த புரோகிராமில் ஒரு போன் நம்பர் இருப்பதைக் காட்டியது பிரகாஷ்தான். கடைசி நாலு இலக்கமும் ஒன்பது. "பணத்தை வேற பக்கம் திருப்ப மாதவன் இந்த நம்பர் ஆளோட கூட்டு சேர்ந்திருக்கான் மேடம்" என்றான். நம்பர் யாருடையது என்று நேற்று முழுக்க அலைந்து பிடித்துவிட்டோம். பேரிகைக்குப் பக்கத்தில் ஜோதியம்மாள் என்று ஒரு பெயர். கேட்டதும் பிரகாஷே தன் காரில் கூட்டிப்போகிறேன் என்று வந்துவிட்டான்.

கண்ணாடி பாதி இறங்கியிருந்ததால் அவன் போனில் பேசுவது விட்டுவிட்டுக் கேட்டது. "முப்பத்தொண்ணாம் பக்கம்டா... நல்லாப் பாரு... அந்த இன்னொரு நம்பரைப் போடச் சொல்லு." ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் பத்திரிகையில் சடசடவென்று பக்கங்களைத் திருப்பினாள். பிறகு அதை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவு அவசரமாகப் பக்கம் திருப்பி நான் அவளைப் பார்த்ததே இல்லை.

பிரகாஷ் வந்து வண்டியை எடுத்தான்.

"ஒரு பணம் கட்டற பட்டன் வைக்க எத்தனை நாள் ஆச்சுங்க?" என்று கேட்டாள் அக்கா, குரலில் ஒன்றும் காட்டாமல்.

"ஏழு மாசம் மேடம்! அந்தப் பேமெண்ட் கம்பெனி டாக்குமெண்ட் இருக்கே, ஒரு பக்கம் சொல்றதை அடுத்த பக்கம் இல்லைங்கும். நூறு ரூபா வாங்கணும்னா பத்தாயிரம்னு எழுதணும். எல்லாம் பைசாக் கணக்கு. அதையும் ஒரு மூலையில பொடி எழுத்துல போட்டிருப்பான். மாதவன்தான் அதோட மல்லுக்கட்டுவான். நான் கஸ்டமரைப் பார்த்துக்குவேன்."

"இருவது ரூபா சவாரிக்கு ரெண்டாயிரம்னு சொல்லியிருந்தா ஓசூர் பஸ் ஸ்டாண்டுல என்னை ஆட்டோவோட கவுத்திருப்பாங்க" என்றேன்.

அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "சோதனை பண்றப்ப அந்த நாலு ஒம்பது நம்பருக்கு மெசேஜ் ஏதாவது போயிருக்குமா?"

"சான்சே இல்ல. டெஸ்ட்ல யாருக்கும் மெசேஜ் போகாது. டாக்குமெண்ட்லயே போட்டிருக்கான்."

"அப்பச் சரிங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சூளகிரியில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பிப் பேரிகை ரோட்டில் போனோம். ஊர் தாண்டி, இரண்டு பசுமைக்குடிலுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. பக்கத்தில் பூ வாடாமல் வைக்கிற சின்னக் குளிர் அறை. ஒரு பெரிய திருட்டுக் கும்பலின் தலைமையகம் இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நீங்க விசாரிங்க. நான் வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு வர்றேன்" என்று பிரகாஷ் வெளியே நின்றுவிட்டான்.

ஜோதியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் ரோஜா வெட்டுகிற கத்தரி. எங்களைப் பார்த்ததும் அது நழுவிக் கீழே விழுந்தது.

"போலீசா? நான் ஒண்ணும் பண்ணலீங்க. என் புள்ளைங்க மேல சத்தியம்."

"போலீஸ் இல்லம்மா. உங்க போனைக் கொஞ்சம் பார்க்கணும்."

அவள் சமையலறைக்குப் போய் ஒரு கேழ்வரகு மாவு டின்னைத் தூக்கி வந்தாள். மூடியைத் திறந்தால் மாவுக்கு மேல் துண்டில் சுற்றிய ஒரு போன்.

"ரெண்டு வருசமா இதே கொடுமை. மெசேஜ் வருது, மெசேஜ் வருது, வந்துட்டே கெடக்குது. ராசியான நம்பர்னு அம்பது ரூபா கூட வாங்கிட்டுக் குடுத்தான் அந்தப் படுபாவி. இந்தச் செவ்வாக்கெழமை காலையிலிருந்து கால் மணிக்கு ஒருக்கா வருது. எங்க குழுவுல ஒருத்திக்கு இப்படித்தான் மெசேஜ் வந்து பேங்குல இருந்ததெல்லாம் போயிடுச்சு. எனக்கு இந்த நெலம் ஒண்ணுதான் கெதி. சோறு தண்ணி எறங்கல சாமி."

சொல்லிக்கொண்டே இருந்தவள் குரல் உடைந்துவிட்டது. இந்தம்மாவா கொள்ளைக்காரி? எனக்கு பிரகாஷ் மேல்தான் எரிச்சல் வந்தது.

அக்கா போனை வாங்கி மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப. 'உங்கள் 214 ரூபாய் செலுத்துதல் தோல்வி அடைந்தது' என்று இங்கிலீஷில். அடுத்ததும் 214, தோல்வி. அதற்கு அடுத்ததும். செவ்வாய்க்கிழமையிலிருந்து மட்டும் எண்பத்து மூன்று இருந்தது.

"அக்கா, இந்தாளு எஸ்.எஸ்.எல்.சி.யில என்னைவிட அதிக தடவை ஃபெயில்" என்றேன்.

"வாயை மூடு. அம்மா, இதை அனுப்பறது யாருன்னு எப்பவாவது கேட்டீங்களா?"

"ரெண்டு மாசம் முன்ன மெசேஜுக்குள்ள நீலமா இருந்த நம்பரை அமுக்கிட்டேன். மாதவன்னு ஒரு தம்பி எடுத்துச்சு. நல்லா திட்டினேன். பாவம், கையெடுத்துக் கும்பிடாத கொறைதான். 'உங்க நம்பரை அந்தக் கம்பெனிக்காரன் மாதிரிக்குன்னு புஸ்தகத்துல அச்சடிச்சுட்டான்மா, ஊர்ல கம்ப்யூட்டர் எழுதற அத்தனை பேரும் அதை அப்படியே போட்டுச் சோதனை பண்றாங்க, நான் எழுதிக் கேட்டா புஸ்தகத்தைப் படின்னு பதில் போடறான்'னுச்சு."

அக்கா பையிலிருந்து அந்த வாரப் பத்திரிகையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே அச்சடித்த தாள்கள். "நேத்து சௌமியா குடுத்தது. அந்தப் பேமெண்ட் கம்பெனி டாக்குமெண்ட், மாதவன் வச்சிருந்தது."

பக்கத்துக்குப் பக்கம் அந்த நாலு ஒன்பது நம்பர். ஓரமெல்லாம் சிவப்புப் பேனாவில் மாதவனின் கோபம். ஓரிடத்தில், 'மூணாவது தடவை கேட்டாச்சு. டாக்குமெண்டைப் பாருங்கங்கறான். அதைப் பார்த்துத்தானேடா கேக்கறேன்!' இன்னொரு பக்கத்தில், சோதனையின்போது யாருக்கும் மெசேஜ் போகாது என்ற வரிக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து 'பொய்' என்று எழுதியிருந்தான்.

"அம்மா, செவ்வாக்கெழமையிலிருந்து எப்பவாவது மெசேஜ் நின்னுச்சா?"

"ராத்திரியில வராது. நேத்து காலையில ஒம்போது மணியிலிருந்து சத்தமே இல்ல. அப்பாடான்னு இருந்தேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு."

"ஒம்போதுல இருந்து அஞ்சு" என்று என் பக்கம் திரும்பினாள் அக்கா. "புதன்கெழமை எங்கப்பா கரண்ட் நிறுத்தினாங்க?"

இதற்குத் துப்பறியவே தேவையில்லை. "சூளகிரிக்கு அந்தாண்ட புதுத் தொழிற்பேட்டை லைன்ல. மாசாந்திரப் பராமரிப்பு. என் மச்சான் அங்கதான் லேத் ஓட்டறான். வேலை இல்லைன்னு நேத்து பூரா எங்க வீட்டுல வந்து மூணு வேளை தின்னான்."

அக்கா வாசலைப் பார்த்தாள். பிரகாஷ் கார்க் கதவில் சாய்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் குரல் இறங்கியது.

"கேளு. சோதனைக்கு யாரும் ஒரு ரூபா, பத்து ரூபா போடுவாங்க. இவன் எண்பத்து மூணு தடவையும் 214 போட்டிருக்கான். அங்க பார்த்துட்டு நிக்கறவனுக்கு இருபத்தோராயிரத்து நானூறுன்னுதான் தெரியும், பைசாக் கணக்கு. மெசேஜ்லதான் அது 214ன்னு வரும். அந்தத் தொழிற்பேட்டையில ஷெட்டுக்கெல்லாம் நம்பர் உண்டு."

நான் அவள் பக்கம் குனிந்தேன். "மாதவன் அங்க இருக்கானா?"

"அடைச்சு வச்சு, பணம் வேற கணக்குக்குப் போற மாதிரி எழுத வைக்கறாங்க. அவன் எழுதறதை வரிவரியா டாக்குமெண்டோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. இந்தம்மா நம்பர் டாக்குமெண்ட்லயே இருக்கறதால சந்தேகம் வராது. மெசேஜ் போகாதுன்னு வேற அதுலயே போட்டிருக்கு. டாக்குமெண்டை நம்பினவன் அடைச்சு வச்சிருக்கான், நம்பாதவன் உள்ள இருந்து கூப்பிடறான்."

"யாருக்கா அந்தப் பாவி?"

"இந்த டாக்குமெண்டை ஒரு தடவை புரட்டினவனுக்கே இந்த நம்பர் தெரியும். ஏழு மாசம் அதோட குடித்தனம் நடத்தினவன் இதைத் திருடனோட நம்பர்னு நம்மகிட்ட காட்டினான் பாரு."

அடப்பாவி! யானைக்குப் பயந்து அவன் காருக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தேனே.

"இது தெரிஞ்சுமா அவன் வண்டியில ஏறினீங்க?"

"நம்ம கூட இருக்கற வரைக்கும் அவன் மாதவன்கிட்ட இருக்க முடியாதில்ல. ஆனா காட்டோரம் போன்ல முப்பத்தொண்ணாம் பக்கம்னான். அந்தப் பக்கத்துல ரெண்டு சோதனைக் கார்டு நம்பர். ஒண்ணு போட்டா எப்பவும் தோக்கும். இன்னொண்ணு போட்டா எப்பவும் ஜெயிக்கும். மாதவன் தோக்கறதையே போட்டு மூணு நாளைத் தள்ளிட்டான். சோதனை ஜெயிச்சிட்டா எழுதி முடிச்சாச்சுன்னு அர்த்தம். அப்புறம் அவனை உயிரோட வச்சிருக்க அவங்களுக்கு எந்தக் காரணமும் இல்ல."

அக்கா கையிலிருந்த போன் 'டிங்' என்றது.

ஜோதியம்மாள் "தேவுடா!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் திரையைப் பார்த்தேன். 214 ரூபாய். வெற்றி.

அடுத்த நொடி வெளியே பிரகாஷின் போன் அடித்தது. "முடிஞ்சுதா? சூப்பர். நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ணிராத. ஒரு மணி நேரம், அவ்வளவுதான்" என்றான். அந்த 'அவ்வளவுதான்' என் காதுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அவன் உள்ளே வந்தான். "கிளம்பலாமா மேடம்? ஆபீஸ்ல அவசரம். இந்தம்மாவை அப்புறமா போலீஸ்ல சொல்லிக்கலாம்."

வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். ஆறடி ஆள். என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் ஓடுகிற கால்தான், ஓடுகிற வழியைத்தான் அவன் அடைத்திருந்தான். அக்கா ஜோதியம்மாளிடம் திரும்பி, விசாரிக்கிற குரலிலேயே, தெலுங்குக்கு மாறினாள்.

"முகத்தை மாத்தாம கேளுங்கம்மா. மாதவன் தம்பியை அடைச்சு வச்சிருக்கறது இவன்தான். இவன் இங்கிருந்து போனா தம்பி செத்தான். உங்க குளிர் ரூமுக்கு வெளித் தாழ்ப்பாள் இருக்கா?"

ஜோதியம்மாளின் உதடு துடித்தது. ஆனால் தெலுங்கிலேயே ஒழுங்காகப் பதில் வந்தது. "இருக்கு. உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு கெடக்கு."

"என்ன சொல்லுது இந்தம்மா?" என்றான் பிரகாஷ். ஓசூருக்கு வந்து ஆறு வருடமாகியும் அவனுக்கு ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாது.

"போன வாரம் மாதவன் இங்க வந்திருக்காருங்க" என்றாள் அக்கா. "ஒரு கவர் குடுத்து, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா சௌமியாகிட்ட சேர்த்துடுங்கன்னாராம். பூ ரூம்ல பெட்டிக்குப் பின்னாடி வச்சிருக்காங்களாம். ஆஞ்சப்பா, போய் எடுத்துட்டு வா."

பிரகாஷின் முகத்தில் ரத்தம் வற்றியது. "இருங்க! நீங்க தொடாதீங்க. எங்க கம்பெனி விஷயம், நானே எடுத்துக்கறேன்" என்று என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினான். குளிர் அறைக் கதவை இழுத்துத் திறந்து, பூப்பெட்டிகளைப் புரட்டிக்கொண்டே உள்ளே போனான்.

நான்தான் கதவைச் சாத்தவேண்டும் என்று தெரிந்தது. கை வரவில்லை. ஜோதியம்மாள் என்னை இடித்துக்கொண்டு வந்து, முழு உடம்போடு கதவில் மோதிச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு வீரம் வந்து கதவில் முதுகைக் கொடுத்தேன். உள்ளேயிருந்து விழுந்த ஒவ்வொரு உதையும் என் விலா எலும்பில் இறங்கியது.

"போன் பண்ணுவானேக்கா!"

"தகரச் சுவரும்மா. உள்ள டவர் எடுக்காது. பூ எண்ணறப்ப உள்ள இருந்து நான் கத்தினாலே வெளிய சரியா கேக்காது" என்றாள் ஜோதியம்மாள் மூச்சிரைத்தபடி.

அக்கா அதற்குள் சூளகிரி எஸ்.ஐ. கோவிந்தப்பனைப் பிடித்துவிட்டாள். "சார், புதுத் தொழிற்பேட்டை, ஷெட் நம்பர் 214. ஆளைக் கடத்தி வச்சிருக்காங்க. சத்தம் போடாம போங்க. ஒரு மணி நேரம்கூட இல்ல."

பிறகு நாங்கள் காத்திருந்தோம். இருபது நிமிஷம். முப்பது. கதவுக்குப் பின்னால் உதை குறைந்து, "எவ்வளவு வேணும்னாலும் தர்றேன்" என்று கெஞ்சல் லேசாகக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் இவன் போகாவிட்டால் அங்கே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கூப்பிடுவார்கள். கிடைக்காது. பயந்து போவார்கள். பயந்தவன் என்ன வேண்டுமானாலும் செய்வான், எனக்குத் தெரியும். எந்தப் போனும் சத்தம் போடவில்லை. மூன்று நாளாக அந்தச் சத்தத்துக்கு நடுங்கிய ஜோதியம்மாள், இப்போது போனை மடியில் வைத்துக்கொண்டு, "அடிச்சுத் தொலையேன், அடியேன்" என்று அழுதாள்.

நாற்பத்தெட்டாவது நிமிஷம் அக்காவின் போன் அடித்தது. கேட்டாள். கேட்டுக்கொண்டே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரைப் பிடிச்சிட்டாங்களாம். மாதவன் உயிரோட இருக்கான்" என்றாள். பன்னிரண்டு வருடம் குறை மட்டுமே கண்டுபிடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சத்தம் போட்டே அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

"அம்மா, உங்க வீட்டுலதான் இருக்கோம்னு சொன்னேன். அவன் உங்ககிட்டப் பேசணுமாம்" என்று ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினாள்.

தண்ணீர் காணாத தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா... எண்பத்து மூணு தடவை தொந்தரவு பண்ணிட்டேன்மா. வெளியில எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கதான். நீங்க ஒரு தடவையாவது படிச்சிருப்பீங்கன்னு நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் அமுக்கினேன்."

ஜோதியம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சேன் சாமி. ஒண்ணு விடாம எல்லாத்தையும் படிச்சேன். நீ போய் மொதல்ல தண்ணி குடி."

அந்தப் பக்கம் ஒரு தேம்பல். பிறகு லைன் போய்விட்டது. அவள் தன் போனை எடுத்துத் தயங்கித் தயங்கி என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது கண்ணு" என்றாள். "அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு அந்தப் புள்ள?"

நான் செவ்வாய்க்கிழமைக் காலையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன்.